ஒரு சொட்டு வெளியே போகாது

“பொண்ணைப் பிரசவ அறைக்குள்ள கூட்டிட்டுப் போயாச்சு. உங்களுக்கு இன்னும் அந்த ஆடுதானா?” போனில் மனைவி பொரிந்து தள்ளினாள்.

“கறந்து முடிச்சதும் ஓடி வந்துடறேன். வேற யார் தொட்டாலும் உதைக்கிறா,” என்றார் ஆட்டுக் கொட்டகைக்காரர்.

புதிதாகச் சேர்ந்த காவலாளி டம்ளரை நீட்டினார். “அண்ணே, டீக்குக் கொஞ்சம் பால் ஊத்துங்க.”

“ஒரு சொட்டு வெளியே போகாது!”

‘பேரப்பிள்ளை பிறக்கிற நேரத்துலயும் இந்தக் கஞ்சத்தனமா?’ காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கறந்த பாலைச் சீல் வைத்து ஆய்வகத்தில் ஒப்படைத்துவிட்டு, கொட்டகையின் இரண்டு கதவுகளையும் கொட்டகைக்காரர் பூட்டும்போது போன் மறுபடி அடித்தது. கேட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்னண்ணே?”

“பேத்தி! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. என் பொண்ணுக்கு ரத்தக்குழாய்க்குள்ளயே ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிற நோய். மருந்து ஏத்திக் காப்பாத்திட்டாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போன வருஷம் இந்த ஆடு கொடுத்த பால்லேருந்து எடுத்த மருந்து. மரபணுவை மாத்திப் பிறக்கவெச்ச ஆடு இது. தப்பிச்சு வெளி ஆடுங்களோட கலந்துட்டா, குட்டிங்களுக்கும் அந்த மரபணு பரவிடும்; அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது.”

“அப்போ இன்னைக்குக் கறந்தது?”

“எந்த வீட்டுப் பொண்ணுக்கோ!” என்றபடி ஓடினார்.

காவலாளி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு பூட்டையும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.