லீவ்

அகதி விண்ணப்பத்தின் முடிவைச் சொல்லும், எட்டு வருடம் காத்திருந்த கடிதம் குகதாசனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அவனோடு ஒரே அறையில் இருக்கும் யோகேஸ்வரன் அப்போது லண்டன் தெருமுனைக் கடையில் வேலையில் இருந்தார். அவரைப் போனில் அழைத்தான்.

“அண்ணை, லீவ் எண்டு போட்டிருக்கு. போகச் சொல்லிட்டாங்கள்.”

“முழுக்க வாசிச்சனியே?”

“அந்தச் சொல்லு எனக்குத் தெரியும்தானே. பிடிக்க வர முன்னம் எங்கையாவது போறன். ஊருக்கு அனுப்பினா என்னை உயிரோட விடமாட்டாங்கள்.”

போன் துண்டிக்கப்பட்டது. யோகேஸ்வரன் அறைக்கு ஓடினார். கடிதம் கட்டிலில் கிடந்தது. அந்த ஒரு சொல்லின் கீழ் மட்டும் பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தான். போ, விட்டுவிடு, விடுமுறை என்று எத்தனையோ பொருள் உள்ள ஆங்கிலச் சொல். குடிவரவுக் கடிதத்தில் அதற்கு அனுமதி என்று பொருள். ஐந்து வருடம் இந்த நாட்டில் வசிக்க அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள்.

கடிதத்தோடு வெளியே ஓடியபோது, குகதாசன் தோளில் பையோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தான்.

“இரு! குகன், இரு!”

கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று குகதாசன் அவரைப் பார்த்தான். அவர் உயர்த்திப் பிடித்த கடிதத்தையும் பார்த்தான். பிறகு விடைபெறுவதுபோல மெல்லக் கை அசைத்தான்.