சளசளவென்ற சத்தம்

மயில்சாமி பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறார். சாய்ந்த வெயிலில் அதன் காதுக்குள் காப்பித்தூளாட்டம் கறுப்பாய் அப்பியிருக்கும் அழுக்கு தெரிகிறது. பூச்சி என்று சொன்ன மாட்டு டாக்டர், மருந்தைச் சொட்டிவிட்டு, உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கிறவரை காதடியைத் தேய்க்கச் சொன்னார். மயில்சாமி தேய்க்கிறார். காலமெல்லாம் போர்வெல் வண்டியின் இரைச்சலில் நின்ற அவர் காதுகளுக்கு ஒன்றும் எட்டவில்லை. எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். பூனை கண்களை மூடிக்கொள்கிறது. அதன் கொர்கொரென்ற உறுமல் அவர் தொடையில் அதிர்கிறது. திறந்தே கிடக்கும் வாசற்கதவை ஒருமுறை பார்த்துவிட்டு மறு காதைத் திருப்புகிறார்.

“பொறுத்துக்க சாமி. யாராச்சும் ஊட்டுக்கு வந்து கூப்பிட்டா, உனக்காச்சும் கேக்கோணுமில்ல?”