வயலின் வேண்டாம்

வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. ராஜபாய் இடது கையால் அதைப் பிசைந்துகொண்டே மாடிப்படி ஏறினாள்.

பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சோற்று அண்டாவைத் தூக்கித் தூக்கி வந்த வலி. இரண்டு நாளாக அவள் அண்டாவைத் தொடவில்லை. தோளுக்கு அது தெரியவில்லை.

அவள் கரண்டியை நீட்டினால் பிள்ளைகள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். பெரிய டீச்சர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: அந்த வீடியோவை மாற்றச் சொல், மாற்றினால் வா. இல்லையென்றால் வேறு ஆள் வைக்கிறேன்.

அந்த வீடியோ ஒரு சினிமாவின் டீசர். தக்கலையில் தையல்கடைக்கு மேலே இருந்த இந்த அறையில் எடிட்டர் ஜெனின் வெட்டி ஒட்டியது.

அதில் நடித்த ராஜபாய் கடைசியில் வருகிறாள். வாசற்படியில் நின்று சிரிக்கிறாள். சிரித்தபடியே முகம் நம்மை நோக்கி வருகிறது. இன்னும் பக்கத்தில் வருகிறது. வாய் லேசாகத் திறக்கிறது. திரை கறுத்துவிடுகிறது.

ஊரில் எல்லார் கைபேசியிலும் அந்த வாய்தான்.

“வாங்க, பேய் மாமி” என்று ஜெனின் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“ஒனக்க அம்மைய இப்பிடிப் பேயாக்குவியாலே? பிள்ளைய எல்லாம் நான் கடிக்க வாறேன்னு ஓடுது. எனக்க வேலைல்லா போவுது!”

ஜெனினின் சிரிப்பு அடங்கியது.

படத்தில் பேயே கிடையாது. கல்ஃபிலிருந்து மகன் திரும்பி வருகிறான், தாய் வாசலில் நின்று சிரிக்கிறாள். அவ்வளவுதான் கதை. குடும்பப் படம் என்று காட்டினால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று தயாரிப்பாளர்தான் அவனை இப்படி வெட்டச் சொன்னார். இப்போதுதான் லட்சம் பேர் பார்த்தாயிற்றே, மாற்றிவிடலாம்.

அவன் திரையில் பேய்ப்பட நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சள் வெயிலை ஏற்றினான். ஒரு வயலினை இழுத்து அடியில் போட்டான்.

ராஜபாய் பார்த்தாள். வாசலில் ஒரு தாய் நின்றாள். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

அவன் பழையதையும் ஒருமுறை ஓட்டிக் காட்டினான். நீலம். அடியில் ஓர் உறுமல். ராஜபாய் தன் முகத்தைக் கண்டு தானே நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

அதே பல்தான். அதே வாய்தான்.

“வயலினையே வைக்கேன். சாயங்காலம் மாறிரும். நாளைக்கு நீங்க தைரியமா கரண்டியைப் பிடிங்க” என்றான்.

தோள்வலி கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது.

ஜெனின் உறுமலை அழித்தான். வயலின் இன்னும் ஏறவில்லை. படம் எடுத்த இடத்தின் சத்தம் மட்டும் அறையில் மிஞ்சியது. ஆரல்வாய்மொழிக் காற்று. காற்றாலை ஒன்று வீசி வீசிச் சுற்றும் சத்தம்.

அதற்கு அடியில் யாரோ நடந்தார்கள்.

சரளைக் கல்லில் ஒரு கால் பதிந்தது. மறுகால் இழுபட்டது. பதிந்தது, இழுபட்டது. பக்கத்தில் வந்தது.

“இது என்னது மக்கா?”

“நான் சேத்தது இல்ல மாமி. எடுத்த எடத்துல உள்ள சத்தம். எவனோ நடந்திருக்கான். கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு, லேசா கூட்டி வச்சேன். வயலின் வந்தா அமுங்கிரும்.”

படம் எடுத்த அன்று அங்கே யாரும் நடக்கவில்லை. டைரக்டர் எல்லாரையும் கேமராவுக்குப் பின்னால் விரட்டியிருந்தார். மகனாக நடிப்பவன் அன்றைக்கு வரவே இல்லை. கேமராவை ஒட்டி ஒரு கம்பை நட்டு, உச்சியில் துண்டைக் கட்டி, அதுதான் மகன், அதைப் பார்த்துச் சிரியுங்கள் என்றார்கள்.

ராஜபாய் ஹெட்போனைக் கேட்டு வாங்கினாள்.

கால் பதிந்தது, இழுபட்டது. பதிந்தது, இழுபட்டது. நின்றது.

அது நின்ற பிறகுதான் திரையில் அவள் சிரித்தாள்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஜெனின் அதைத் தொட்டபோது நனைந்திருந்தது.

“வயலின் வேண்டாம் மக்கா. அப்பிடியே கெடக்கட்டு.”

“அப்போ வேலை?”

அவள் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.

திரை கறுத்தபின் என்ன இருக்கிறது என்று ஜெனினுக்கும் தெரியாது. முகம் கேமராவுக்கு ரொம்பவும் பக்கத்தில் வந்துவிட்டதென்று டைரக்டர் அந்த இடத்தில் ‘கட்’ சொல்லிவிட்டார்.

அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த நாள்முதல் அவள் மகன் அபினேஷ் இடதுகாலை இழுத்துத்தான் நடப்பான்.

அவர்கள் சபையில் சவப்பெட்டியை மூடுமுன் பெற்றவளைத்தான் கடைசியாகக் கூப்பிடுவார்கள். அவள் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுப்பாள். பிறகுதான் மூடி. அபினேஷின் பெட்டி சவுதியிலிருந்தே ஆணி அடித்து வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். மூடிமேல் அவன் போட்டோவை வைத்து, இதற்கு முத்தம் கொடு என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆரல்வாய்மொழியில் அவன் நெற்றிக்குக் குனியப் போனாள். அதற்குள் ‘கட்’ என்றார்கள்.

அபினேஷுக்கு அவள் கொடுக்கவேண்டிய முத்தம் இன்னும் பாக்கி.