தொழுகையில் ஒரு கைதட்டல்

"தொழுகை நேரத்துல கைதட்டினது யாரு?"

பி.டி. மாஸ்டர் பீமராவ் போட்ட சத்தத்தில் மைதானமே வெலவெலத்துப் போனது. பாலக்கரையில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மதியத் தொழுகையின்போது, வளாகத்துப் பள்ளிவாசலுக்கு வெளியே நின்றவர் காதில் அந்தச் சத்தம் தெளிவாக விழுந்திருந்தது.

"கோயிலோ மசூதியோ, சாமி கும்பிடுற எடத்துல என்னய்யா விளையாட்டு? பத்தாங்கிளாஸ் பசங்கதானே? யாருன்னு சொல்லலேன்னா நாளைக்குத் திருவெறும்பூர் ஃபைனல் மேட்சுக்கு ஒருத்தனும் போக முடியாது!"

முந்நூறு மாணவர்கள், ஆறு ஆசிரியர்கள். உள்ளே நடந்தது அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்தே நின்றார்கள்.

மாணவிகள் வரிசையில் ஒன்பதாம் வகுப்பு அல்ஃபியா தலையை நிமிர்த்தினாள். பக்கத்தில் நின்ற மஹ்ஜபீன் அவள் கையைக் கிள்ளினாள்.

"சும்மா இருடி. டி.சி. குடுத்துருவாங்க."

கொடுத்தாலும் கொடுப்பார்கள். அம்மா வஹீதா நடையாய் நடந்து வாங்கிய இடம் இது. ஆனால் தட்டியது இவள், மேட்ச் பறிபோவது பையன்களுக்கா? என்ன நியாயம்! அல்ஃபியா முன்னால் வந்தாள்.

"நான்தான் சார்."

பீமராவ் திகைத்தார். "நீயாம்மா? தெரியாம தட்டிட்டியா?"

"இல்லை சார். தெரிஞ்சுதான் தட்டினேன்."

"எவ்வளவு தைரியம்! வா, கரஸ்பாண்டென்ட் கிட்ட."

போக வேண்டியிருக்கவில்லை. தாளாளர் ஜெகபர் அலி பள்ளிவாசல் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இருமினாலே ஆசிரியர்கள் எழுந்து நிற்பார்கள்.

"விளையாட்டு இல்லை மாஸ்டர்," என்றார் அவர். "தொழ வைக்கிறவர் தப்புப் பண்ணினா, பின்னால நிக்கிற ஆம்பளைங்க குரல் கொடுக்கணும், பொம்பளைங்க கைதட்டணும். அதான் முறை. இன்னிக்கு நாலு ரக்அத், அதாவது நாலு சுத்துத் தொழுகை, மூணோட முடியப் பார்த்துச்சு. இந்தப் பள்ளிவாசலை எதுக்குக் கட்டினோமோ, அதைச் சரியாக் கத்துக்கிட்டது இந்தப் பிள்ளை ஒண்ணுதான்!"

பீமராவுக்குத் தலை சுற்றியது. "அப்ப இத்தனை ஆம்பளைங்க ஏன் சார் சும்மா இருந்தாங்க? அப்படி யாரு சார் தொழ வச்சது?"

ஜெகபர் அலி மைதானம் முழுக்கக் கேட்கும்படி, வாய்விட்டுச் சிரித்தபடியே சொன்னார்:

"நம்ம இமாம் இன்னிக்கு லீவு மாஸ்டர். தொழ வச்சது நான்தான்!"