வயது சொல்லும் புரோகிராம்

கம்ப்யூட்டர் லேபில் பிளஸ் டூ மாணவிகள், பிறந்த தேதியைக் கொடுத்தால் இன்றைய வயதைச் சொல்லும் புரோகிராம் எழுதினார்கள். கவியா தன் அக்கா ஷாரோனின் தேதியைப் போட்டாள். ஷாரோன் இரண்டு வருடத்துக்கு முன் மாமல்லபுரம் கடலில் மூழ்கி இறந்தவள்.

“மிஸ், இருபத்தொண்ணு வரணும். பத்தொம்போதுன்னே காட்டிகினு கீது. அவ செத்தப்போ அதான் வயசு.”

“அம்மா தேதியப் போட்டியா?”

“அது கரெக்டா வருது மிஸ்.”

ஆசிரியை ஜோதிலட்சுமி வரி வரியாகப் பார்த்தாள். பிழை இல்லை.

மணி அடித்தது. மாணவிகள் போனபின் அவள் தன் கணவர் ரமேஷின் தேதியைத் தட்டினாள். ஐந்து வருடத்துக்கு முன் சிறுசேரிக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயது.

திரையில் நாற்பத்திரண்டு என்று வந்தது.

ஜோதிலட்சுமி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அடுத்த வகுப்புக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.