சொட்டுச் சிந்தாத டப்பாக்கள்

நாலாவது மாடி வீட்டிலிருந்து கணவனின் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. தண்ணீர் பாட்டில், மதியச் சாப்பாட்டு டப்பா, கடைசியாக அவனுடைய வாசனை ஸ்பிரே.

"இனிமே இதெல்லாம் இருந்தா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்!" என்றாள் மனைவி.

எதிர்வீட்டுக்காரர் கதவை ஒரு விரற்கடை திறந்து, நிம்மதியாக வேடிக்கை பார்த்தார். அந்த ஜோடியின் ஒற்றுமை அவரை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

பாவம், ஏமாற்றம்தான். உள்ளே அலமாரியிலிருந்து டப்பாக்களை எடுத்து அவளிடம் நீட்டிக்கொண்டிருந்ததே கணவன்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. "ரெண்டு பேருக்கும் ஹார்மோன் தாறுமாறா இருக்கு. யூரின்ல பிளாஸ்டிக் கெமிக்கல் எக்கச்சக்கம். அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். சூடா எதையும் பிளாஸ்டிக்ல சாப்பிடாம, வாசனை ஸ்பிரேயும் அடிக்காம மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றிருந்தார் டாக்டர்.

அப்போதுதான் சூப் அக்கா படியேறி வந்தாள். தினமும் வீடு வீடாகக் காய்கறி சூப் ஊற்றுபவள். அவளுடைய எவர்சில்வர் தூக்கின் மூடி நசுங்கி, படியெல்லாம் சொட்டியிருந்தது.

"ஏம்மா, நல்ல டப்பாவாச்சே! தூக்கியா போடுறீங்க?"

"வேணும்னா எடுத்துக்கோங்கக்கா" என்றான் கணவன்.

மனைவி அவன் காதைக் கடித்தாள். "விஷம்னு சொன்னாரே, அவங்களுக்குப் போய்..."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுடி. உழைக்கிற உடம்பு."

சூப் அக்கா ஒரு டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். "மூடி இறுக்கமா இருக்குமா தம்பி?"

"கவுத்துப் பிடிச்சாலும் ஒரு சொட்டு சிந்தாதுக்கா!"

"பெரிய மனசு தம்பி உங்களுக்கு" என்று முப்பத்திரண்டு டப்பாக்களையும் அள்ளிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து வீட்டில் கண்ணாடி, எவர்சில்வர் தவிர வேறில்லை. சூப்புக்குக்கூட சூப் அக்காவிடம் ஒரு கண்ணாடி ஜாடி வாங்கிக் கொடுத்தார்கள். உடம்பைத் தேற்ற ஒரு வேளை சூப்பை இரண்டு வேளையாக்கி, ஆவி பறக்கப் பறக்கக் குடித்தார்கள். பிளாஸ்டிக்கில் சாப்பிடும் ஜனங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெமிக்கல் இன்னும் ஏறியிருக்கே! வெளிய ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"சூப் மட்டும்தான் டாக்டர். அதுவும் கண்ணாடி ஜாடியில."

சாயங்காலம் சூப் அக்காவை வாசலிலேயே மறித்தாள் மனைவி. "அக்கா, சூப்பு எதுல வெக்கிறீங்க?"

"எவர்சில்வர் குண்டாவுலதாம்மா."

கணவனுக்கு மூச்சு வந்தது. "அப்புறம் நேரா எங்க ஜாடியிலதானே?"

"கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கண்ணாடி விரிசல் விட்டுடும் தம்பி. அடுப்புலேர்ந்து இறக்கினதும் உங்க டப்பாவுல ஊத்தி மூடிடுவேன். கீழ வாசல்கிட்ட வந்துதான் ஜாடிக்கு மாத்துவேன்."

அவள் முகமெல்லாம் நன்றி.

"நீங்க சொன்னது நெசம் தம்பி, ஒரு சொட்டுகூட வீணாகல!"