கையை விடாத சைக்ளின்

உடம்பின் ஒரு செல்லுக்குள் கைனேஸ் என்றொரு தூங்குமூஞ்சி வேலைக்காரன் இருந்தான். எப்போதாவது சைக்ளின் என்ற எழுப்புக்காரி ஒருத்தி வந்து கையைப் பிடித்தால்தான் எழுவான்; எழுந்ததும் செல்லை இரண்டாகப் பிரித்துவிடுவான். கருவில் கையும் காலும் முளைத்ததே அப்படித்தான். பிரித்து முடிந்ததும் துப்புரவுக்காரர்கள் சைக்ளினின் முதுகில் சீட்டு ஒட்டி, கொண்டுபோய் அரைத்துப் போடுவார்கள். அவன் மறுபடி படுத்துக்கொள்வான்.

இந்த முறை வந்தவளின் முதுகு வழவழவென்று இருந்தது. எத்தனை முறை ஒட்டியும் சீட்டு நழுவி விழுந்தது.

“வேலைதான் முடிஞ்சிருச்சே, கையை விடும்மா” என்றான் கைனேஸ்.

“இன்னும் ஒரே ஒரு தடவை. நான் போயிட்டா உன்னை யாரு எழுப்புவா?”

“வேற ஒருத்தி வருவா. எனக்குக் கண்ணைச் சொக்குது.”

அவள் விடவில்லை. அவள் பிடியில் அவனால் உட்காரக்கூட முடியவில்லை. பிரித்தான், பிரிந்ததையும் பிரித்தான். பிரிந்த ஒவ்வொரு செல்லிலும் இதே போல் ஒரு ஜோடி கைகோத்துக்கொண்டு பரபரத்தது.

“இடிக்காதீங்க, நாங்க எங்க போறது?” என்று பக்கத்துச் செல்கள் கத்தின.

“பாத்தியா, நம்ம குடும்பம் எவ்வளவு பெருசாயிருச்சு!” என்று பூரித்தாள் சைக்ளின்.

அப்போது வெளியே, தோலின்மேல் ஒரு விரல் ஊர்ந்து வந்தது. சட்டென்று ஒரு சின்னக் கட்டியின்மேல் நின்றது. அதே இடத்தை மறுபடி அழுத்திப் பார்த்தது.